வீனஸ் ஃபிளைட்ராப்: பொறி ஏன் சிவக்கவில்லை?

கேள்வி: ஹால் ஜன்னலோரம் வைத்திருக்கும், பூச்சி பிடிக்கும் செடியான வீனஸ் ஃபிளைட்ராப்பின் இலைகள் நீண்டு துவள்கின்றன. இலை நுனியில் பூச்சி பிடிக்கும் பொறியின் உட்புறம் வெளிர்பச்சையாகவே இருக்கிறது. உரம் போடலாமா? – வாசகி, சென்னை

பதில்: வேண்டாம், வேர் கருகிவிடும். அமெரிக்காவின் வட, தென் கரோலினாவில், சத்தில்லாத ஈர மணலில், வெட்டவெளியில் வளரும் செடி இது. உங்கள் செடியின் குறை, வெளிச்சம் போதாததுதான். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் ஹால் அதற்கு இருட்டு. பூச்சியிலிருந்து கிடைப்பது நைட்ரஜன் போன்ற சத்துகள் மட்டுமே. தன் சோற்றைத் தானே சமைக்க அதற்கு வெயில் வேண்டும்.

தினமும் 4 முதல் 6 மணி நேரம் நேர்வெயில் படட்டும். கிழக்குப் பார்த்த பால்கனி நல்ல இடம். ஆனால் இன்றே மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய்விடாதீர்கள். நிழலில் வளர்ந்த இலை ஒரே நாளில் வெந்துபோகும். முதல் மூன்று நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் கூட்டுங்கள். பழைய இலை நிமிராது. அடுத்து வரும் இலைகள் குட்டையாக, விறைப்பாக இருந்தால் வெளிச்சம் போதும் என்று அர்த்தம். சிவப்பை மட்டும் நம்பாதீர்கள், எவ்வளவு வெயிலிலும் பச்சையாகவே இருக்கும் ரகங்களும் உண்டு.

ஏப்ரல், மே மாதங்களில் 11 முதல் 3 மணி வரை 50 சதவீத ஷேட் நெட் (நிழல் வலை) கட்டுங்கள். அப்போது வெயிலைவிடத் தொட்டிச் சூடுதான் ஆபத்து. கறுப்புத் தொட்டியை வெள்ளைத் தொட்டிக்குள் இறக்கி வையுங்கள்.

பால்கனியே இல்லையா? 20 வாட் வெள்ளை எல்.இ.டி. (பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கும், பகல் வெளிச்ச நிறம்) விளக்கை இலைக்கு மேலே 20 செ.மீ. உயரத்தில் மாட்டி, 14 மணி நேரம் எரிய விடுங்கள்.

கேள்வி: வெயில் நன்றாகப் படுகிறது. ஆனாலும் பொறிகள் ஒவ்வொன்றாகக் கருகுகின்றன. – வாசகர், கோவை

பதில்: மூன்று நான்கு முறை இரை பிடித்த பழைய பொறி கருகுவது இயல்பு. புதுசும் கருகினால் தண்ணீரைப் பாருங்கள். டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, 50 பி.பி.எம்.முக்குக் கீழே இருக்க வேண்டும். போர் தண்ணீர் ஆகவே ஆகாது. சில ஆர்.ஓ. இயந்திரங்கள் கடைசியில் தாதுக்களைச் சேர்த்துவிடும் என்பதால் டி.டி.எஸ். மீட்டரில் அளந்துவிட்டு ஊற்றுங்கள். மழைநீர் உத்தமம். தொட்டியைத் தட்டில் வைத்து, தட்டில் 1 முதல் 2 செ.மீ. தண்ணீர் நிறுத்துங்கள்.

மண் கலவையில் பீட் மாஸ் (மக்கிய பாசி), பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்) சம அளவு. கோகோபீட்டில் (தென்னை நார்த்தூள்) உப்பு இருக்கும், தவிர்த்துவிடுங்கள். தோட்டத்து மண், எரு இரண்டும் கூடாது. மேல்மண்ணில் வெள்ளைப் படிவு தெரிந்தால் கலவையையே மாற்றுங்கள்.

கேள்வி: கோழித் துண்டு போடலாமா? – வாசகர், சேலம்

பதில்: அழுகிவிடும். பொறியில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள பூச்சி போதும். வெளியில் இருக்கும் செடி தானே பிடித்துக்கொள்ளும். விரலால் சீண்டி மூட வைப்பது செடிக்கு வீண் செலவு.

கேள்வி: மதுரையில் குளிர்காலத்தை எப்படிச் சமாளிப்பது? – வாசகி, மதுரை

பதில்: இதற்கு மூன்று மாதம், 10 டிகிரிக்குக் கீழே உறக்கம் தேவை. அது இல்லாமல் வருடக்கணக்கில் ஓடினால் செடி மெலிந்துவிடும். ஊட்டி, கொடைக்கானலில் வெளியே வைத்தாலே போதும். சமவெளியில் ஃபிரிட்ஜ்தான் வழி. நவம்பர் கடைசியில் செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, கருகிய இலைகளை வெட்டி, நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியில் (நர்சரியில் கிடைக்கும் சதுப்புநிலப் பாசி) சுற்றி, ஜிப் பையில் போட்டுக் காய்கறித் தட்டில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். பிப்ரவரி கடைசியில் நட்டு, முன்பு சொன்னபடி காலை வெயிலில் ஒரு மணி நேரத்திலிருந்து தொடங்குங்கள்.