கேள்வி – பதில்: பழைய பந்தயக் கார் பொம்மைகள்

கே: என்னிடம் கார்கி நிறுவனத்தின் ஹெஸ்கெத் 308 இருக்கிறது. வெள்ளை உடம்பில் 24 என்ற எண் தெரிகிறது, ஸ்பான்சர் பெயரைக் காணோம். உதிர்ந்துவிட்டதா? வேறு வாங்கி ஒட்டலாமா? எங்கள் ஊர் ராய் ஹெஸ்கெத் பந்தயத் தடத்தின் பெயர்தானே இது?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

ப: உதிரவில்லை. இருந்தால்தானே உதிர! இங்கிலாந்தின் ஹெஸ்கெத் பிரபு தன் கைக்காசைப் போட்டு நடத்திய ஃபார்முலா 1 (எஃப்1) பந்தய அணி அது. 1974, 75ஆம் ஆண்டுகளில் பெரிய ஸ்பான்சர் எவரும் இல்லாமல்தான் ஓடியது. 1975இல் ஜேம்ஸ் ஹன்ட் டச்சு கிராண்ட் பிரீயை வென்றதும் அந்த வெள்ளைக் காரில்தான். ஹன்ட் மார்ல்பரோ சிகரெட் நிறத்துக்குப் போனது அடுத்த ஆண்டு, மெக்லாரன் அணியில். ஆகவே இந்தக் காரில் மார்ல்பரோ ஒட்டி யாராவது விற்க வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். 1981இல் மூடப்பட்ட உங்கள் ஊர்த் தடத்துக்கும் இந்தப் பிரபுவுக்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர ஒன்றுமில்லை.

கே: யார்ட்லி மெக்லாரன் ஒன்றைப் பேசி முடிக்கப்போகிறேன். ஸ்டிக்கர் அந்தக் காலத்தது தானா, புதிதாக அச்சடித்ததா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு ஓரம் தூக்கிக்கொண்டும் இருக்கிறது.
– சாட்ஸ்வர்த் வாசகர்

ப: இந்தப் பொழுதுபோக்கில் ஏமாற்று நடக்கும் இடமே ஸ்டிக்கர்தான். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வாங்குங்கள். அந்தக் கால ஸ்டிக்கரில் ஒவ்வொரு நிறமும் தனி மையாக, திட்டாக விழுந்திருக்கும். எழுத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கும். வீட்டுப் பிரின்டரில் எடுத்ததென்றால் எழுத்தின் ஓரம் பொடிப்பொடிப் புள்ளிகளாகக் கலையும். அடுத்து வெட்டைப் பாருங்கள். தொழிற்சாலை அச்சு வெட்டில் மூலைகள் ஒரே வளைவாக இருக்கும், கத்தரிக்கோலில் ஒன்று கூராகவும் ஒன்று மொட்டையாகவும் போகும். பெயிண்ட் சுற்றிலும் உரிந்து, நடுவில் ஸ்டிக்கர் மட்டும் பளிச்சென்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

புற ஊதா டார்ச் அடித்து, "ஒளிர்கிறது, போலி" என்று தீர்ப்பு சொல்பவர்கள் உண்டு. போருக்கு முந்தைய காகிதத்துக்கு அது சரி. 1970களின் காகிதத்திலேயே வெண்மை கூட்டும் ரசாயனம் கலந்திருந்ததால் அந்தச் சோதனை இங்கே செல்லாது.

தூக்கிய ஓரத்துக்கு சூப்பர் க்ளூ கூடவே கூடாது. அதன் ஆவி பெயிண்ட்மேல் வெள்ளைப் படலமாகப் படியும். கோதுமைப் பசை கரப்பானை அழைக்கும். வெள்ளை பி.வி.ஏ. பசையும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பல்குச்சி நுனியால் அடியில் தடவி, வழிந்ததை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்து, மேலே கேக் சுடும்போது விரிக்கும் ஒட்டாத தாளை வைத்து ஒரு மணி நேரம் லேசாக அழுத்தி வையுங்கள். காரை முழுதாகத் தண்ணீரில் முக்கிக் கழுவாதீர்கள், மற்ற ஸ்டிக்கர்களும் கையோடு வந்துவிடும். 1972இல் ஓட்டுநர் டெனி ஹல்ம் நம் தென்னாப்பிரிக்கக் கியாலமி தடத்தில் ஜெயித்தது மெக்லாரன் எம்19ஏ ரகக் காரில், இதே யார்ட்லி ஸ்பான்சர் பெயரோடுதான். இங்குள்ளவர்கள் இதற்குக் கூடுதல் விலை சொல்வது அதனால்தான்.

கே: சாமி விளக்கு இருக்கும் ஷெல்ஃபுக்குப் பக்கத்திலேயே கார் அலமாரி. பூச்சி வராமல் அந்துருண்டை போட்டிருக்கிறேன். சக்கரங்கள் அலமாரித் தட்டில் ஒட்டிக்கொள்கின்றன.
– ஃபீனிக்ஸ் வாசகர்

ப: அந்துருண்டையை இன்றே எடுங்கள். நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். சாம்பிராணிப் புகையும் விளக்குக் கரியும் வெள்ளை ஸ்டிக்கரைப் பழுப்பாக்கும், அதைத் துடைத்து எடுக்க வழியில்லை. சாமியை நகர்த்த முடியாது, அலமாரியை நகர்த்துங்கள். டயர் ஒட்டுவது அதன் வினைலை மென்மையாக வைக்கும் எண்ணெய் கசிவதால். காரின் வயிற்றுக்கு அடியில் சிறு அக்ரிலிக் கட்டை கொடுத்து, சக்கரம் எங்கும் தொடாமல் நிறுத்துங்கள். டர்பன் பக்கத்து ஈரக்காற்றுக்கு, ஈரம் உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகள் வேண்டும். நிறம் மாறியதும் 120 டிகிரி செல்சியஸ் அடுப்பில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி உதவும்.

கே: கன்ஸ்டன் நிறத்தில் ஒரு பிராபம் பந்தயக் கார். 1968இலேயே விற்ற பொம்மை என்கிறார்கள். நம்பலாமா?
– லெனேசியா வாசகர்

ப: நிஜக் கார் வரலாறு உண்மை. 1968 ஜனவரி 1 அன்று கியாலமியில் ஜான் லவ் ஓட்டிய பிராபம் கன்ஸ்டன் சிகரெட் நிறத்தில் ஓடியது. லோட்டஸ் கார்கள் கோல்ட் லீஃப் சிகரெட் நிறத்தோடு உலக சாம்பியன்ஷிப்புக்கு வந்ததே அதற்குப் பிறகு, அந்த மே மாதம்தான். பொம்மையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அந்தக் காலப் பொம்மையின் துத்தநாகக் கலவை கனக்கும், ரெசின் (வார்ப்புப் பிளாஸ்டிக்) லேசாக இருக்கும். ரெசின் உடம்பும் காகிதம்போல் மெல்லிய உலோகப் பாகங்களும் இருந்தால் அது பிற்காலத்தில் குறைந்த எண்ணிக்கையில் செய்த மாடல். அழகாக இருந்தால் வாங்குங்கள், பழையது என்ற விலைக்கு வேண்டாம். பின்னால் உயரமான இறக்கை இருந்தால் அது அந்த ஜனவரிக் காரும் அல்ல. எஃப்1இல் அந்த இறக்கைகள் வந்தது அவ்வருட நடுவில்.

கே: சக்கர அச்சு வளைந்த மேட்ச்பாக்ஸ் காரைத் திறப்பது எப்படி?
– டர்பன் வாசகர்

ப: ஸ்டிக்கரும் பெட்டியும் நன்றாக இருந்தால் திறக்காதீர்கள், வளைந்த அச்சோடே வையுங்கள். அடிபட்ட கார் என்றால், அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் தலையின் நடுவில் பஞ்ச் (கூர்முனைக் கருவி) வைத்துக் குழி போட்டு, 3 மி.மீ. டிரில்லால் தலையை மட்டும் சீவுங்கள். தகடு விடுபட்டதும் நிறுத்த வேண்டும், ரிவெட்டுக்கு அடியிலுள்ள உலோகத் தூணுக்குள் போனால் திரும்ப மாட்ட இடமிருக்காது. பிறகு தூணில் 1.6 மி.மீ. துளை போட்டு எம்2 (2 மி.மீ.) மரை வெட்டி, சிறு திருகால் மூடலாம். மரை வெட்டும்போது அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போங்கள். ஒரேயடியாகத் திருகினால் தூண் பிளந்துவிடும்.