காபி ஏன் 70-ல் நிற்கிறது? ஸ்டாக்டு ஏரியா சார்ட் கேள்வி-பதில்

கேள்வி: டீக்கடை கணக்கை எக்செலில் ஸ்டாக்டு ஏரியா சார்ட்டாக (நிறப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சார்ட்) போட்டேன். ஜனவரியில் காபி விற்றது 30 ஆயிரத்துக்குத்தான். சார்ட்டில் காபியின் மேல்கோடு 70-ல் நிற்கிறது. மவுஸைக் கொண்டுபோனால் 30 என்று வருகிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். நீங்கள் அனுப்பிய கணக்கில் டீ 40, காபி 30, வடை 20. டீ தரையிலிருந்து கிளம்பி 40-ல் முடிகிறது. அதன் தலைமேல் காபி ஏறி உட்காருவதால் அது 40-ல் தொடங்கி 70-ல் முடிகிறது. அதற்கும் மேலே வடை, 90 வரை. இடதுபக்க அச்சைப் பார்த்து நேராகப் படிக்கக்கூடியவை இரண்டே: அடியில் இருக்கும் டீ, உச்சிக் கோட்டில் இருக்கும் மொத்தம். நடுவில் மாட்டிக்கொண்ட காபிக்குத் தடிமன்தான் கணக்கு. மவுஸ் காட்டுவது அந்தத் தடிமனை.

உங்கள் மார்ச் மாதத்தைப் பாருங்கள். டீ 60 ஆகிவிட்டது, காபி அதே 30. ஆனால் காபிக் கோடு 70-லிருந்து 90-க்கு ஏறுகிறது. எட்ட நின்று பார்க்கிறவர் “காபி நல்லா போகுது போல” என்றுதான் சொல்வார். இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. சரிவு செங்குத்தாக இருக்கும் இடத்தில் பட்டை மெலிந்த மாதிரித் தெரியும். நம் கண் பட்டையின் குறுக்கே அளக்கிறது. சார்ட்டோ மேலிருந்து கீழாக அளக்கிறது. ஸ்கேலை நேர்க்குத்தாக வைத்துப் பாருங்கள், அதே 30 இருக்கும்.

காபிதான் உங்கள் கவலை என்றால் அதை அடியில் போடுங்கள். சார்ட்டில் ரைட் கிளிக், ‘செலக்ட் டேட்டா’, அங்கே உள்ள அம்புக்குறியால் வரிசையை மாற்றலாம். ஆனால் ஒன்று: அடியில் வைப்பது ரொம்ப ஏறி இறங்குகிற சரக்காக இருந்தால் மேலே உள்ள எல்லாமே சேர்ந்து ஆடும். அப்படியானால் பேசாமல் லைன் சார்ட்டுக்குப் போய்விடுவேன்.

கேள்வி: எக்செலில் ஏரியா சார்ட் போட்டால் ஒரு சீரிஸ் (ஒரு சரக்கின் எண் வரிசை) காணாமலே போகிறது. டேட்டா சரியாகத்தான் இருக்கிறது.

வெறும் ‘ஏரியா’வைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அது அடுக்காது. எல்லாமே பூஜ்யத்திலிருந்து கிளம்பும், முன்னால் நிற்பது பின்னால் இருப்பதை மறைத்துவிடும். அதன் பக்கத்திலேயே இருக்கும் ‘ஸ்டாக்டு ஏரியா’தான் உங்களுக்கு வேண்டியது. டேப்லோ என்ற சார்ட் மென்பொருளில் கதை தலைகீழ்: அங்கே ஏரியா என்றாலே அடுக்கிவிடும், வேண்டாமென்றால் ‘அனாலிசிஸ்’ மெனுவில் ‘ஸ்டாக் மார்க்ஸ்’ போய் அணைக்கவேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

கேள்வி: கிராஃபனா என்ற கண்காணிப்பு மென்பொருளில் சர்வர் மெமரியை அடுக்கிக் காட்டுகிறேன். ரேம் 16 ஜிபிதான், உச்சி 32-ல் நிற்கிறது!

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஒருமுறை நானே இல்லாத மெமரியைத் தேடி ஒரு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன்.

உபயோகத்தில் 6, பஃபர் 1, கேஷ் 5 (இரண்டும் சிஸ்டம் தற்காலிகமாக வைத்திருக்கும் டேட்டா), காலி 4. கூட்டினால் 16. இவற்றோடு ‘மொத்தம்’ என்ற சீரிஸையும் அதே பேனலில் போட்டிருப்பீர்கள். மென்பொருளுக்கு அது மொத்தம் என்று தெரியாது. இன்னொரு அடுக்கு என்று நினைத்து 16-க்கு மேல் இன்னொரு 16-ஐ ஏற்றிவிட்டது. அந்த ஒரு சீரிஸுக்கு மட்டும் ஓவர்ரைடு (தனி அமைப்பு) போட்டு ஸ்டாக்கிங்கை அணையுங்கள், நிரப்பும் நிறத்தையும் எடுத்துவிடுங்கள். அது ஒரு கோடாக உச்சியில் ஒட்டிக்கொண்டு ஓடும்.

லினக்ஸின் ‘மெம் அவைலபிள்’ (புதிய வேலைக்குக் கிடைக்கக்கூடிய மெமரி) என்ற எண் அதைவிட நைசாக ஏமாற்றும். காலி இடமும், விடுவிக்கக்கூடிய கேஷும் ஏற்கெனவே அதற்குள் இருக்கின்றன. அதை அடுக்கினால் அவை இருமுறை எண்ணப்படும். ஒன்றுக்குள் ஒன்று அடங்காத துண்டுகளைத்தான் அடுக்கலாம்.

கேள்வி: கடை லீவு விட்ட நாளில் எல்லாம் சார்ட்டில் பள்ளம் விழுகிறது. காலியாக விட்டால் இடைவெளிதானே வரவேண்டும்?

லீவு நாளில் விற்பனை பூஜ்யம் என்பது உண்மைதானே, அந்தப் பள்ளம் இருக்கட்டும். கணக்கு எழுத மறந்த நாள் என்றால்தான் அது பொய். எக்செலில் காலி செல்லுக்கு ‘இடைவெளி’ என்று தேர்ந்தெடுத்தாலும் ஏரியா சார்ட் அதைப் பூஜ்யமாகவே வரையும். பிளாட்லி என்ற சார்ட் லைப்ரரியிலும் ஒரு சீரிஸில் மட்டும் விடுபட்ட நாள் இருந்தால் தானாகப் பூஜ்யம் வைத்துக்கொள்ளும். அங்கே ‘ஸ்டாக்கேப்ஸ்’ என்பதை ‘இன்டர்போலேட்’ ஆக்கினால், அக்கம்பக்கத்து நாட்களை நேர்கோட்டால் இணைத்துவிடும். ஆனால் அந்த நடு மதிப்பு ஊகம், நடந்த விற்பனை அல்ல. அதை ஒரு வரியில் கீழே எழுதிவிடுங்கள்.

கேள்வி: திரும்பி வந்த சரக்கை மைனஸில் போட்டேன். சார்ட் குழம்பிக் கிடக்கிறது.

50, மைனஸ் 10, 20 என்று அடுக்கினால் கோடுகள் 50, 40, 60 என்று போகும். இரண்டாவது அடுக்கு முதலாவதற்குள்ளேயே புகுந்துவிடுகிறது. எக்செலில் இதற்கு ஸ்டாக்டு காலம் (column, நிற்கும் பட்டை) சார்ட் போடுங்கள். அது மைனஸைப் பூஜ்யத்துக்குக் கீழே தனியாக வைக்கும்.

கேள்வி: 100% ஸ்டாக்டில் டீயின் பங்கு சரிகிறது. டீ விற்பனை குறைந்துவிட்டதா?

அப்படிச் சொல்ல முடியாது. மொத்தம் 100-ல் டீ 40 இருந்து, பிறகு மொத்தம் 150 ஆகி டீ 45 ஆனால், விற்பனை கூடியிருக்கிறது. பங்கு 40-லிருந்து 30 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. இந்த வகை சார்ட்டில் உச்சி எப்போதும் 100-தான் என்பதால் மொத்தம் ஏறியதா இறங்கியதா என்பதற்கு அதில் இடமே இல்லை. பக்கத்தில் மொத்தத்தைச் சின்னதாக ஒரு லைன் சார்ட்டாக வையுங்கள்.

கேள்வி: சின்ன அடுக்குகள் தெரியவில்லை. லாக் அச்சு வைக்கலாமா?

வேண்டாம். லாக் அச்சில் 1 முதல் 10 வரைக்கும், 10 முதல் 100 வரைக்கும் ஒரே உயரம். அடியில் இருக்கும் 9 ரூபாயும் மேலே இருக்கும் 90 ரூபாயும் கிட்டத்தட்ட ஒரே தடிமனில் தெரியும். சின்னதையெல்லாம் ‘மற்றவை’ என்று ஒன்றாகச் சேருங்கள், அல்லது தனி சார்ட் போடுங்கள்.