டீ கிளாஸ் தாங்குகிறது, ஊறுகாய் ஜாடி ஏன் தாங்கவில்லை?

கேள்வி: காலியான ஊறுகாய் ஜாடியில் எண்ணெய்ப் பிசுக்கு போக வெந்நீர் ஊற்றினேன். டப்பென்று அடிப்பாகம் மட்டும் வட்டமாகக் கழன்று விழுந்துவிட்டது. டீக்கடையில் இதைவிட மெல்லிய கிளாஸில் கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றுகிறார்களே, அது மட்டும் எப்படி உடையாமல் இருக்கிறது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அது மெல்லிசாக இருப்பதால்தான் உடைவதில்லை! கனமான கண்ணாடி உறுதியானது என்று நாம் நினைக்கிறோம், கீழே விழுந்தால் அது சரி, சூடு விஷயத்தில் அப்படியே தலைகீழ்.

சூடு பட்டால் கண்ணாடி விரியும். விரிவது ரொம்பக் கொஞ்சம்தான், 10 செ.மீ. நீளக் கண்ணாடி 80 டிகிரி சூடேறினால் சுமார் 0.07 மி.மீ., அதாவது ஒரு தலைமுடி கனம். மொத்தக் கண்ணாடியும் ஒன்றாக விரிந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் கண்ணாடி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், எவர்சில்வரோடு ஒப்பிட்டால் சுமார் 15-இல் ஒரு பங்கு. அதனால் ஜாடியின் உட்பக்கம் விரியத் துடிக்கும்போது வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கும், உள்ளே இருந்து வரும் அந்தத் தள்ளலில் வெளிப்பக்கம் இழுபடும். கண்ணாடி அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. உலோகம் என்றால் லேசாக நெளிந்து கொடுத்துவிடும், கண்ணாடிக்கு அது முடியாது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலின் முனையில் இழுவை முழுக்கச் சேர்ந்து அங்கிருந்தே விரிசல் ஓடும். உங்கள் ஜாடியின் அடி கனம், சுவர் மெல்லிசு. சுவர் சீக்கிரம் சூடாகி விரிந்துவிட்டது, அடியால் கூடவே விரிய முடியவில்லை. இரண்டும் சேரும் இடத்தில் இழுவை அதிகம், அதனால்தான் வட்டமாக வெட்டியதுபோல் வந்தது.

டீக்கடையில் இன்னொன்றையும் கவனியுங்கள், மாஸ்டர் கிளாஸை வெந்நீரில் அலசிவிட்டுத்தான் டீ ஊற்றுவார். கிளாஸ் ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருக்கும்.

சூட்டுக்கென்றே இருக்கிற போரோசிலிகேட் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்குதான் விரியும். ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கியது அது. அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த வகைக் கண்ணாடியில் பேட்டரி ஜாடிகள், அதாவது பேட்டரிக்கான கண்ணாடிக் கலன்கள், செய்துகொண்டிருந்தது. 1913-இல் அங்கே வேலை பார்த்த ஜெஸ்ஸி லிட்டில்டன் ஒரு ஜாடியின் அடியை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோக, அவர் மனைவி பெஸ்ஸி அதிலேயே கேக் சுட்டுக் காட்டினார். 1915-இல் அந்த வகைக் கண்ணாடிப் பாத்திரங்கள் பைரெக்ஸ் என்ற பெயரில் கடைக்கு வந்தன. எனக்கு ரொம்பப் பிடித்த சமையலறைப் பரிசோதனை இது.

அடுத்த ஜாடிக்கு, முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விட்டுச் சுழற்றுங்கள், அப்புறம் சூட்டைக் கூட்டலாம். கிரானைட் மேடையில் நேராக வைக்காமல் கீழே ஒரு துணி போடுங்கள். சூடான கண்ணாடியைப் பச்சைத் தண்ணீரில் மட்டும் போடவே போடாதீர்கள், அது இன்னும் மோசம், ஏனென்றால் அப்போது தண்ணீர் படும் மேற்பரப்பே முதலில் சுருங்கி நேரடியாக இழுபடும். ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்த்துக் கீறல் விழுந்த ஜாடியில் பருப்பு, மிளகாய் வற்றல் போட்டு வையுங்கள், வெந்நீர் வேண்டாம்.