தெரிந்த பாடத்தை வைத்துச் சோதிக்காதீர்கள்: தொடக்க வகுப்பு மதிப்பீடு, கேள்வி-பதில்

கேள்வி: மகன் ஒன்றாம் வகுப்பு. முன்னேற்ற அறிக்கையில் மதிப்பெண்ணே இல்லை. ‘முயல்கிறான்’, ‘உதவியுடன் செய்கிறான்’, ‘தானே செய்கிறான்’ என்றுதான் இருக்கிறது. வகுப்பில் அவன் எத்தனையாவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தெரிந்துகொள்ளத் தேவையில்லை. ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம் இருக்கும். ஐந்து வயதில் அது இதுவரை வாழ்ந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. ரேங்க் போட்டால் பிறந்த மாதத்துக்கும் சேர்த்து மதிப்பெண் விழும். ஆசிரியரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: போன பருவத்தில் வராத எது இப்போது வருகிறது? அடுத்து எதைக் கற்றுத்தரப் போகிறீர்கள்?

கேள்வி: மகள் இரண்டாம் வகுப்பு. வாசிப்புத் தேர்வில் 50க்கு 48. ஆனால் வீட்டில் புதிய கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தால் முதல் வரியிலேயே திணறுகிறாள். எதை நம்புவது?

பதில்: வீட்டில் பார்த்ததை நம்புங்கள். அந்த 48 நினைவாற்றலுக்குக் கிடைத்த மதிப்பெண். இதை எத்தனை முறை எழுதினாலும் இதே கடிதம் திரும்பத் திரும்ப வருகிறது.

நடப்பது இதுதான். ஆசிரியர் ஒரு பாடத்தை வாசிக்க, வகுப்பே சேர்ந்து சொல்லும். இரண்டு வாரம் இப்படிப் போகும். பிறகு அதே பாடத்திலிருந்தே வாசிப்புத் தேர்வு. ஆறு வயதுப் பிள்ளைக்குக் காதில் விழுந்த வரி அப்படியே பதிந்துவிடும். விரல் ஒரு சொல்லில் இருக்கும், வாய் அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும். எழுத்துத் தேர்வும் இந்த லட்சணம்தான்: வினா விடையைப் பலகையில் எழுதிப் போட்டு, பார்த்து எழுதவைத்து, அதையே தாளில் கேட்பது. பிள்ளைக்கு என்ன தெரியும் என்பது இதில் தெரியவே தெரியாது. போன வாரம் வகுப்பில் என்ன சொல்லப்பட்டது என்பதுதான் தெரியும்.

கெடுதல் உடனே கண்ணில் படாது. மூன்றாம் வகுப்பில் பாடங்கள் நீளும், மனப்பாடம் கைகொடுக்காது. அப்போது ‘நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று மந்தமாகிவிட்டாள்’ என்பார்கள். திடீரென்று எதுவும் நடக்கவில்லை. இரண்டு வருடமாக யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஐந்து நிமிடத்தில் நீங்களே பார்க்கலாம். பள்ளியில் வாசித்த அதே பாடத்தை எடுங்கள். படத்தைக் கையால் மறையுங்கள். கடைசி வரியை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு வரியின் நடுவில் விரல் வைத்து ‘இது என்ன சொல்?’ என்று கேளுங்கள். முதல் சொல்லிலிருந்து முனகிக்கொண்டே அங்கே வந்து சேர்ந்தால் அது மனப்பாடம். அடுத்து, பாடத்தில் ‘மரத்தில் குருவி இருந்தது’ என்றிருந்தால், தாளில் ‘மரத்தில் குரங்கு இருந்தது’ என்று எழுதிக் காட்டுங்கள். குருவி என்றே வாசித்தால் சந்தேகமே வேண்டாம்.

கடைசியாக, பொருளே இல்லாத ஏழெட்டுச் சொற்கள்: தபூமி, கேலுடா, மொறிகை, நோசிபு என்பது போல. இவற்றை எங்கும் கேட்டு மனப்பாடம் செய்திருக்க முடியாது. இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் வகுப்பில் நடக்கும் 40 சொல் சோதனையில் பாதி இப்படிப்பட்ட சொற்கள்தான். தமிழில் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வரும் எழுத்துகள் கட்டாயம் இருக்கட்டும். ‘மொ’வை ‘மெ’ என்று தொடங்கிவிட்டுத் துணைக்காலைப் பார்த்துத் தடுமாறும் பிள்ளைகள் ஏராளம். கெ, கே வேறுபாடும் அப்படியே.

இந்தத் தாளோடு ஆசிரியரைப் பாருங்கள். 48ஐப் பற்றிச் சண்டை வேண்டாம். எந்த எழுத்தில் நின்றாள் என்று மட்டும் காட்டுங்கள்.

கேள்வி: பையன் கணக்கில் ரொம்ப வீக். என்ன செய்யலாம்? உடனே பதில் தேவை.

பதில்: வயது இல்லை, வகுப்பு இல்லை, எந்தக் கணக்கு என்றும் இல்லை. ‘வீக்’ என்பதை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. அவன் தவறாகப் போட்ட ஐந்து கணக்கை, அவன் போட்டபடியே, அழிக்காமல் அனுப்புங்கள். ‘எப்படிப் போட்டாய்?’ என்று கேட்டு அவன் சொன்னதையும் எழுதுங்கள்.

43இலிருந்து 18ஐக் கழித்து 35 என்று எழுதினால், ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறான். நூற்றைந்தை 1005 என்று எழுதினால், காதில் விழுந்ததை அப்படியே வைக்கிறான், இடமதிப்பு பிடிபடவில்லை. இரண்டுக்கும் தாளில் தவறு என்ற அதே பெருக்கல் குறிதான் விழும், ஆனால் கற்றுத்தர வேண்டியது வேறு வேறு. ஒன்றாம் வகுப்பு என்றால் எட்டுப் பொத்தான்களை எண்ணச் சொல்லிவிட்டு ‘மொத்தம் எத்தனை?’ என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் தெரியவில்லை. கூட்டலுக்குப் போகாதீர்கள்.

கேள்வி: 100 சொல் பத்தி கொடுத்து வாசிப்புத் தவறுகளைக் குறிக்கிறேன். பிள்ளை தானே திருத்திக்கொண்டால் அது தவறா? நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்க வேண்டும்? (ஆசிரியை)

பதில்: தவறில்லை. ‘தா.தி.’ என்று தனியாகக் குறியுங்கள். தானே திருத்துவது பொருளைக் கவனிக்கிறான் என்பதற்கு நல்ல அடையாளம். நியூசிலாந்தின் வாசிப்பு ஆய்வாளர் மேரி கிளே வகுத்த இந்த முறையில், சுமாராக 95க்கு மேல் சரியென்றால் தானே வாசிக்கலாம். 90க்கு மேல் என்றால் உதவியோடு. அதற்கும் கீழே போனால் எளிய பத்திக்கு மாறுங்கள். நிமிடக் கணக்கில் ஆங்கில அட்டவணையைத் தமிழுக்கு ஒட்டாதீர்கள். ‘வந்துகொண்டிருந்தார்கள்’ நமக்கு ஒரு சொல், அவர்களுக்கு மூன்று. பத்தி புதியதாக இருக்க வேண்டும் என்பதை மறுபடியும் சொல்கிறேன்.

கேள்வி: வகுப்பில் 40 பேர். எல்லாரையும் தினமும் கவனித்துப் பதிவேடு எழுத எங்கே நேரம்?

பதில்: தினமும் எல்லாரையும் யார் எழுதச் சொன்னது? நாளைக்கு நான்கு பேர். பத்து வேலை நாளில் ஒரு சுற்று முடியும். தேதி, பெயர், ஒரே வரி. ‘நன்று’, ‘சுமார்’ என்று எழுதினால் அடுத்த மாதம் உங்களுக்கே விளங்காது. ‘பழம் என்பதைப் பளம் என்று வாசித்தாள், கேட்டதும் திருத்தினாள்’ என்று கண்டதை எழுதுங்கள். அன்றைக்கே எழுதுங்கள், வாரக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பும் பதிவேடு கற்பனை. எந்தப் பெயருக்கு எதிரே ஒன்றுமே எழுதத் தோன்றவில்லையோ, அடுத்த சுற்றை அந்தப் பிள்ளையிடமிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: வாய்மொழித் தேர்வில் ஒரு பையன் வாயே திறப்பதில்லை. பூஜ்யம் போடலாமா?

பதில்: கூடாது. பேசவில்லை என்பதுதான் உங்களுக்குத் தெரியும்; தெரியாது என்பது இன்னும் தெரியாது. கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பதில் வராமல் போவது குறைந்தது. மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அதன் பிறகும் பேசாவிட்டால், படத்தைத் தொட்டுக்காட்டச் சொல்லுங்கள், அட்டைகளை அடுக்கச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகள் முன்னால் வேண்டாம்.

கேள்வி: ஆறு வயது. 3, 7 இரண்டையும் திருப்பி எழுதுகிறாள். டிஸ்லெக்ஸியாவா (வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு)?

பதில்: அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஏழு வயதுவரை இது சாதாரணம். கண்ணையும் காதையும் சோதித்துக்கொள்ளுங்கள். எட்டு வயதிலும் தொடர்ந்து, வாசிப்பும் திணறினால் நிபுணரிடம் காட்டுங்கள். அதுவரை அறிக்கையில் அந்தச் சொல்லை எழுத யாரையும் விடாதீர்கள்.