மலிவு விதை முளைச்சுது, நல்ல விதை அழுகிடுச்சு, ஏன்?

லண்டன் ஹேரோல இருந்து ஒரு சிஸ்டர் எழுதியிருக்காங்க. "அண்ணா, ஸ்வீட்கார்ன் போடலாம்னு ரெண்டு பாக்கெட் வாங்கினேன். ஒண்ணு கார்டன் சென்டர்ல, சூப்பர்ஸ்வீட், விலை ஜாஸ்தி. இன்னொண்ணு ஆன்லைன்ல 'ரெயின்போ ஸ்வீட்கார்ன்', ரொம்ப மலிவு. மார்ச் கடைசியில ரெண்டையும் தனித்தனியா ராத்திரி முழுக்க ஊறவெச்சு, பயறு கட்டுற மாதிரி துணியில கட்டி கிச்சன் ஜன்னல்ல வெச்சேன். கார்டன் சென்டர் விதை 20ல 2 தான் முளைச்சுது, மீதி கையில எடுத்தாலே கூழ், ஊறின தண்ணியும் கலங்கி புளிச்ச வாடை. மலிவு விதை 12ல 11 முளைச்சு இப்ப ஒரு ஜாண் செடி. கார்டன் சென்டர்காரன் ஏமாத்திட்டானா? இந்தச் செடியை இப்பவே வெளிய வைக்கலாமா?"

கார்டன் சென்டர் மேல தப்பில்ல. அந்த மலிவு பாக்கெட்ல தான் வில்லங்கம். ஆனா முதல்ல உங்க கூழ் கதையை முடிச்சிடுறேன்.

அழுகிப்போன பாக்கெட்ல மிச்சம் விதை இருந்தா உள்ளங்கையில ஒண்ணு வெச்சுப் பாருங்க. காஞ்ச திராட்சை மாதிரி சுருங்கி, ஒட்டிப்போய், கனமே இல்லாம இருக்கும். கெட்டுப் போனதால இல்ல, அதோட பிறவியே அப்படி. சாதா மக்காச்சோளத்துல சர்க்கரை எல்லாம் மாவா மாறி விதை கெட்டியா நிக்கும், சூப்பர்ஸ்வீட்ல அந்த மாற்றம் பாதியில நின்னுடும், அதனாலதான் அவ்வளவு இனிப்பு, அதனாலதான் காயும்போது அப்படி சுருங்குது. 1950கள்ல இல்லினாய் பல்கலைக்கழகத்துல ஜான் லாக்னன் என்கிறவர் இந்தச் சுருங்கின விதையை வாயில போட்டு மென்னு பாத்துட்டு, அட இது இனிக்குதேன்னு ஆரம்பிச்ச வேலைதான் இன்னைக்கு நாம திங்கிற சூப்பர்ஸ்வீட். நமக்கு இனிப்பு, விதைக்குப் பட்டினி. மாவுங்கிறது முளைக்கு அம்மா கட்டிக் குடுத்த சோத்து மூட்டை, இதுக்கு மூட்டையில பாதி காலி.

இந்த விதையை ராத்திரி முழுக்க தண்ணியில போட்டா உள்ள இருக்கிற சர்க்கரை கசிஞ்சு தண்ணிக்கு வந்துடும், காத்தும் கிடைக்காது, பூஞ்சைக்கு விருந்து. நீங்க சொன்ன புளிச்ச வாடை அதான். பத்தாததுக்கு மார்ச் மாசத்து கிச்சன் ஜன்னல். பகல்ல சமைக்கும்போது கதகதன்னு இருக்கும், ராத்திரி ஹீட்டிங் ஆஃப் ஆனதும் கண்ணாடி ஓரம் 10 டிகிரி கூட இருக்காது. தண்ணி குடிக்கிற முதல் ரெண்டு நாள்ல குளிர் பட்டா இந்த விதை அப்படியே படுத்துடும், அப்புறம் நீங்க கம்பளி போத்தினாலும் எழுந்திருக்காது. பச்சைப்பயறு நம்ம ஊர் வெயில்ல துணியில கட்டினா ஒரே நாள்ல வால் விடுது, அது பயறோட கெட்டித்தனம், நம்ம ஊர் சூடு. அதே கணக்கை இங்க போடாதீங்க.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு, சொல்லாம விட்டா நாளைக்கு யாராவது சண்டைக்கு வருவாங்க. பழைய ரகம், அதாவது பாக்கெட்ல சூப்பர்ஸ்வீட்னோ எக்ஸ்ட்ரா ஸ்வீட்னோ எக்ஸ்ட்ரா டெண்டர்னோ எதுவும் போடாத சாதா ஸ்வீட்கார்ன்னா, வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு மணி நேரம், போனா மூணு மணி நேரம் ஊறவெக்கலாம். வெதுவெதுன்னா கைக்கு இதமா, காப்பி சூடு இல்ல. ராத்திரி போட்டுட்டு தூங்கப் போறது இல்ல, டிவில ஒரு படம் முடியிறதுக்குள்ள எடுத்துடணும். அதுவும் விதை பழசா வறண்டு இருந்தா மட்டும், புது பாக்கெட்டுக்கு அதுவும் வேண்டாம். எந்த ரகம்னு சந்தேகமா? ஊறவெக்காதீங்க. ஊறவெக்காததால எந்த விதையும் செத்ததில்ல.

இப்ப மலிவு பாக்கெட். கெட்டியா, வழவழன்னு, பளபளப்பா, சின்னதா இருந்துச்சா? அப்படின்னா அது ஸ்வீட்கார்னே இல்ல. பாப்கார்ன் இல்லன்னா அலங்காரச் சோளம். மாவு நிறைஞ்ச விதை, அதான் உங்க குளிரையும் தண்ணியையும் தாங்கிக்கிட்டு 12க்கு 11 முளைச்சுது. ரெயின்போன்னு போட்டு படம் போடுறாங்களே, கண்ணாடி மணி கோத்த மாதிரி கலர் கலரா ஒரு கதிர், அது கிளாஸ் ஜெம்னு ஒரு ரகம், ஓக்லஹோமால கார்ல் பார்ன்ஸ்னு ஒரு விவசாயி வருஷக்கணக்கா உக்காந்து தேர்ந்தெடுத்து உருவாக்கினது, 2012ல அதோட போட்டோ இன்டர்நெட் பூரா சுத்துச்சு. அழகான சோளம்தான், ஆனா பொரிக்கவும் மாவாக்கவும் தான் ஆகும், அவிச்சு வெண்ணெய் தடவி கடிச்சா பல்லு போகும். பலபேர் அந்தப் போட்டோவைத் திருடிப் போட்டுட்டு உள்ள மளிகைக்கடை பாப்கார்னை எண்ணி அடைச்சு அனுப்புறானுங்க. நானே ஒரு தடவை வாங்கிப் பாத்தேன். கவர்ல ரகம் பேர் இல்ல, எந்த வருஷம் அடைச்சதுன்னு இல்ல, லாட் நம்பர் இல்ல. விதை மட்டும் கலர் கூட இல்லாம மஞ்சளா. ரிப்போர்ட் பண்ணேன், "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு மெஷின் பதில் வந்துச்சு, ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா அதே போட்டோ வேற கடைப் பேர்ல ஜம்முனு ஓடுது. 2020ல யாரும் ஆர்டர் பண்ணாமலே நகைன்னு லேபிள் ஒட்டின கவர்ல விதை வந்து இறங்கினப்போ அவ்வளவு களேபரம் பண்ணாங்க, அதுக்கப்புறமாவது இந்த விற்பனை சைட்டுகளுக்கு புத்தி வந்துச்சான்னா இல்ல. வெளிநாட்டு விதை இந்த நாட்டுக்குள்ள வரணும்னா தாவர சுகாதாரச் சான்றிதழ் வேணும், நாம ஊர்ல இருந்து பையில நாலு விதை போட்டு வந்தா ஏர்போர்ட்ல பிடுங்கிக்குவாங்க, இவனுங்க பார்சல் பார்சலா அனுப்புறது யார் கண்ணுக்கும் தெரியாது.

தமிழ்க்கடையில வாங்கின கதிர்ல இருந்து விதை எடுக்கலாமான்னு வேற சிலர் கேக்குறாங்க. வேண்டாம். அது பால் பருவத்துலயே ஒடிச்சது, விதை முத்தவே இல்ல.

சரி, மறுபடி எப்படிப் போடுறது. ஏப்ரல் பாதிதான் ஆகுது, நீங்க லேட்டே இல்ல, போன தடவை தான் சீக்கிரம். பாக்கெட் பின்னாடி மார்ச்ல இருந்து போடலாம்னு இருந்தா நம்பாதீங்க, தெற்குக் கோடியில இருக்கிற கார்ன்வாலுக்கும் வடக்கே குளிர்ல இருக்கிற அபர்டீனுக்கும் ஒரே காலண்டர் அடிக்கிறவங்க அவங்க.

கிச்சன் ரோல் ரெண்டு தாளை நனைச்சு, நல்லா பிழிஞ்சுடுங்க. கையில தொட்டா ஈரம் தெரியணும், சொட்டக் கூடாது. விதைகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்பி, மடிச்சு, ஜிப் கவர்ல போட்டு வாயைக் கொஞ்சம் திறந்து விடுங்க. விதையில கலர் பவுடர் பூசியிருந்தா அது பூஞ்சை மருந்து, கழுவாதீங்க, கையை மட்டும் கழுவுங்க. கவரை பாய்லர் இருக்கிற கப்போர்டுல வைங்க, இல்லன்னா வைஃபை ரவுட்டர் மேல ஒரு தட்டு போட்டு அதுமேல. 20ல இருந்து 25 டிகிரி இருந்தா போதும், முளைக்கிற வரைக்கும் வெளிச்சம் வேண்டாம். மூணாவது நாள்ல இருந்து தினம் ஒரு தடவை திறந்து பாருங்க. கொழகொழன்னு ஒண்ணு இருந்தா உடனே எடுத்துப் போட்டுடுங்க, பக்கத்து விதைக்குத் தொத்தும்.

வெள்ளை வேர் அரை சென்டிமீட்டர் எட்டிப் பாத்ததும் மண்ணுக்கு மாத்துங்க, நீளட்டும்னு காத்திருக்காதீங்க, வேர் காகிதத்துக்குள்ள பாஞ்சுடும். பாஞ்சுடுச்சுன்னா பிய்க்க வேண்டாம், காகிதத்தோட கிழிச்சு நட்டுடுங்க. ஆழமான சின்ன பாட், இல்லன்னா டாய்லெட் ரோல் அட்டைக் குழாய்களை நிமித்தி வெச்சு கம்போஸ்ட் நிரப்பி, வேர் கீழ்ப்பக்கம் இருக்கிற மாதிரி ரெண்டரை சென்டிமீட்டர் ஆழத்துல ஒரு குழாய்க்கு ஒரு விதை. இந்தச் செடிக்கு வேரைத் தொட்டா பிடிக்காது, அதனால குழாயோடவே தோட்டத்துக்குப் போகட்டும். பச்சைக் குருத்து தெரிஞ்ச அன்னைக்கே வெளிச்சத்துக்கு மாத்துங்க, ராத்திரி மட்டும் கண்ணாடிக்கும் திரைச்சீலைக்கும் நடுவுல விடாம ரூமுக்குள்ள இழுத்துடுங்க.

வெளிய வைக்கிறது மே கடைசியில. ஏப்ரல்ல ரெண்டு நாள் வெயில் அடிச்சதும் கடை வாசல்ல ஸ்வீட்கார்ன் நாத்தை அடுக்கி வைப்பாங்க, உறைபனி வந்து கருகினா மறுபடியும் அவங்ககிட்டதான் வாங்கப் போறீங்க, அவங்களுக்கு என்ன நஷ்டம். நடுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பத்து நாள் பகல்ல வெளிய, ராத்திரி உள்ளன்னு பழக்குங்க.

நேர் வரிசையா வேலி ஓரமா நடாதீங்க, நாலுக்கு நாலு சதுரமா, ஒரு முழம் இடைவெளி. மேல ஆண் பூவுல இருந்து மகரந்தம் காத்துல கொட்டி கதிர் மயிர்ல விழணும், ஒரு மயிருக்கு ஒரு முத்து. வரிசையா நட்டா பாதி மகரந்தம் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும், உங்க கதிர் பொக்கை வாயாத்தான் இருக்கும்.

அந்த 11 மலிவுச் செடி? சூப்பர்ஸ்வீட் பக்கத்துல வைக்கவே வைக்காதீங்க. இதோட மகரந்தம் அது மேல விழுந்தா அந்த முத்துல அதே வருஷமே இனிப்பு போயி மாவாயிடும், உங்க வீட்டுத் தோட்ட அளவுக்கு எவ்வளவு தள்ளி வெச்சாலும் பத்தாது. அலாட்மென்ட்ல, அதாவது கவுன்சில் வாடகைக்கு விடுற தோட்டத் துண்டுல, தனி இடம் இருந்தா வைக்கலாம், ஆனா அதுக்கு கவுன்சில் லிஸ்ட்ல பேரு குடுத்துட்டு உக்காந்திருக்கணும், கேக்குறவங்களுக்கு இடம் குடுக்கணும்னு 1908லயே சட்டம் போட்டாச்சு, கியூ மட்டும் நகரவே மாட்டேங்குது. அதனால ரெண்டுல ஒண்ணுதான். பிள்ளைங்க பாப்கார்னுக்கு ஆசைப்பட்டா அந்த 11ஐ மட்டும் மே கடைசி வரைக்கும் பெரிய பாட்ல காப்பாத்தி வைங்க. ஸ்வீட்கார்ன் தான் வேணும்னா மனசைக் கல்லாக்கிட்டு கம்போஸ்ட் தொட்டியில போடுங்க, மீதி இருக்கிற சுருங்கின விதையை இந்த வாரமே கிச்சன் ரோல்ல மடிச்சிடுங்க.