புதிய ஏற்பாட்டில் நம்பிக்கை: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அப்பா இறந்ததிலிருந்து எனக்கு அழுகை நிற்கவில்லை. "நம்பிக்கை இல்லாதவர்கள் மாதிரி அழாதே" என்று சபையில் சொல்கிறார்கள். வேதம் அப்படியா சொல்கிறது?

பதில்: இல்லை தம்பி. அவர்கள் சொல்வது 1 தெசலோனிக்கேயர் 4:13. கி.பி. 50 வாக்கில் அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதம் அது. புதிய ஏற்பாட்டில் முதலில் எழுதப்பட்டது இதுதான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். இன்றைய கிரேக்க நாட்டிலுள்ள தெசலோனிக்கே நகரத்துச் சபை அப்போதுதான் தொடங்கியிருந்தது. இயேசு வருவார் என்று காத்திருக்கும்போதே சிலர் இறந்துபோனார்கள். அவர் வரும் நாளில் இவர்களுக்குப் பங்கு இருக்காதோ என்று மற்றவர்கள் கலங்கினார்கள். இயேசு மரித்து எழுந்தார், அதனால் அவர்களும் எழுவார்கள், உயிரோடிருக்கும் நாம் அவர்களுக்கு முந்திக்கொள்ள மாட்டோம் என்று பவுல் எழுதினார். அழவே கூடாது என்று எழுதவில்லை. இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்றுதான் முடிக்கிறார். தேற்றச் சொன்ன வசனத்தாலேயே உங்கள் வாயை அடைப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. இறந்துபோன தம் நண்பர் லாசருவை எழுப்பப்போகிற இயேசுவே கண்ணீர் விட்டாரே. அழுங்கள் தம்பி.

கேள்வி: செத்த பிறகு பரலோகம் போவோம் என்பதுதானே அண்ணா கிறிஸ்தவ நம்பிக்கை?

பதில்: அதோடு நிற்கவில்லை. பவுல் ரோம் சபைக்கு எழுதிய கடிதத்தில் எட்டாம் அதிகாரத்தை, ரோமர் 8-ஐ, நிதானமாக வாசியுங்கள். படைப்பு முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது, அழிவுக்கு அடிமையாக இருப்பதிலிருந்து அதுவும் விடுதலையாகும் என்கிறார் பவுல். நாம் எதிர்பார்ப்பது சரீர மீட்பு என்றும் சொல்கிறார். இந்த உடலும் மண்ணும் அவருக்குத் தூக்கிப்போடுகிற பொருள் அல்ல. நம் பிரசங்கங்களில் இந்தப் பகுதிக்கு இன்னும் இடம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: உபத்திரவத்திலிருந்து நம்பிக்கை பிறக்கும் என்று ரோமர் 5-இல் இருக்கிறதே. அப்படியானால் கஷ்டம் நல்லதா?

பதில்: நல்லது என்று பவுல் சொல்லவில்லை. உபத்திரவம், பொறுமை, தேர்ச்சி, நம்பிக்கை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, அந்த நம்பிக்கை ஏன் ஏமாற்றாது என்பதற்கு 5-ஆம் வசனத்தில் காரணம் தருகிறார்: தேவ அன்பு நம் இருதயங்களில் ஊற்றப்பட்டிருக்கிறது. நம்முடைய மனஉறுதியை அவர் காரணமாகக் காட்டவில்லை. கஷ்டத்தில் நொறுங்கிப்போனவரிடம் இந்த வரிசையைச் சொல்லிக் கணக்குக் கேட்காதீர்கள்.

கேள்வி: கல்லறைகளில் நங்கூரம் செதுக்குவது எப்போதிலிருந்து?

பதில்: பழைய வழக்கம். ரோமில் பிரிஸ்கில்லா நிலவறைக் கல்லறைகளிலேயே நங்கூரம் பொறித்த கற்கள் இருக்கின்றன. எபிரெயர் 6:19 நம்பிக்கையை ஆத்துமாவின் நங்கூரம் என்கிறது. அந்த நங்கூரம் திரைக்கு உள்ளே, அதாவது தேவனுடைய சந்நிதியில், இயேசு நமக்கு முன்னோடியாக நுழைந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்று அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசித்தால் புரியும்.