கப்பல்புழு துளைத்த கல்மரம்

கேள்வி: ஆஸ்திரேலியாவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த கறுப்புக் கல்லில் வெள்ளைப் புள்ளிகள் முட்டை முட்டையாக இருக்கின்றன. அங்கே இதை ‘நிலக்கடலை மரம்’ என்கிறார்களாம். உண்மையிலேயே மரமா? பதக்கம் செய்ய வருமா? திருவக்கரைக் கல்மரத்தையும் இப்படி மெருகேற்றலாமா?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: மரமேதான், அம்மா. 10 கோடி ஆண்டுகளுக்கும் முன் கடலில் மிதந்த ஊசியிலை மரம். அந்தப் புள்ளிகள் கப்பல்புழு குடைந்த பொந்துகள். உங்கள் துறைமுகத்தில் கரையேற்றிய பழைய மரப்படகின் அடிப்பலகையைப் பாருங்கள், அதே வேலைப்பாடு இருக்கும். பெயர்தான் புழு; உண்மையில் அது மட்டி இனம். மரம் கடலடியில் அமிழ்ந்தபின், நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் நிறைந்த வெளிர்சேறு பொந்துகளுக்குள் புகுந்தது. பிறகு எல்லாமே கல்லாயின.

பதக்கத்தின் அழகு வெட்டும் திசையில் இருக்கிறது. கப்பல்புழு பெரும்பாலும் மரத்தின் நார் ஓடும் போக்கிலேயே குடையும். குறுக்கே வெட்டினால் வட்டப் புள்ளிகள், நெடுக வெட்டினால் நீண்ட பட்டைகள், சாய்த்து வெட்டினால் முட்டை வடிவம். எனக்குச் சாய்வெட்டுதான் பிடிக்கும். கறுப்பில் வெள்ளை ஓடுவது போலவே தோன்றும். கல்லை நனைத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து, பென்சிலால் கோடு போட்ட பிறகே வாளைத் தொடுங்கள். தவறான திசையில் அறுத்த துண்டை யாராலும் ஒட்ட முடியாது.

சிலிக்காவாக மாறிய கல்மரத்தின் கடினம், வைரத்துக்கு 10 தரும் மோஸ் அளவுகோலில் ஏறக்குறைய 7. வைர வாள் வேண்டும். பிறகு சிலிக்கான் கார்பைடு தூளில் சொரசொரப்பானதிலிருந்து மிக நுண்ணியது வரை படிப்படியாகத் தேய்த்து, கடைசியில் சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்றுங்கள். முன்படியின் கீறல் ஒன்று மிஞ்சினாலும் பளபளப்பில் அது துல்லியமாகத் தெரியும். எப்போதும் தண்ணீர் ஊற்றியே அறுங்கள். உலர்ந்த சிலிக்காத் தூசி நுரையீரலை மீளாமல் கெடுக்கும்; மூக்கில் துணி கட்டினால் போதாது.

திருவக்கரைக் கல்லில் கை வைக்காதீர்கள். 1781இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா எழுதிவைத்த இடம் அது. இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். சிறு சில்லைக்கூட எடுக்கக்கூடாது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையான அந்த மரங்களில் வேரும் கிளையும் காணப்படுவதில்லை. எங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்தவை என்பதற்கு அதுவே சான்று. கிடக்கும் இடத்திலிருந்து பெயர்த்துவிட்டால் இந்தச் சான்று அழிந்துபோகும். வெட்டிப் பழக, முறையாக வாங்கிய வெளிநாட்டுத் துண்டுகளே போதும்.